தோற்றவர்களால் ஆன அட்டவணை

ஒரு பெண்கள் டென்னிஸ் தொடரின் ஒற்றையர் பிரிவுக்கான டிரா, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை, வெளியானதும் அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு உட்காருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். கைப்பேசியிலேயே எல்லாம் தெரிகிறபோது தாள் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கைப்பேசித் திரையில் ஒரு நேரத்தில் ஒரு சுற்றுதான் தெரியும், தாளில்தான் ஒரு வாரம் முழுவதும் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கும் என்பது என் பதில். பெரும்பாலோர் முதல் வரியில் இருக்கும் முதல் நிலை வீராங்கனையின் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். பிறகு கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும், இரண்டாம் நிலை வீராங்கனை அங்கேதான் இருப்பார். நான் தேடுவது பெயரே இல்லாத வரிகளை. டிரா வெளியாகும் வேளையில் தகுதிச்சுற்று ஆட்டங்கள் பெரும்பாலும் முடிந்திருக்காது என்பதால், சில வரிகளில் பெயருக்குப் பதிலாக "தகுதிச்சுற்றிலிருந்து வருபவர்" என்று மட்டும் குறித்திருப்பார்கள். அந்த வரிகளுக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் எனக்கு அந்தத் தொடர் தொடங்குகிறது.

கணக்கு எளிமையானது. 32 பேர் ஆடும் டிராவில் ஐந்து சுற்றுகள், 31 ஆட்டங்கள். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் ஆண்டின் நான்கு பெரிய தொடர்களில் 128 பேர், ஏழு சுற்றுகள், 127 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறது. எனவே 32 பேரில் 31 பேர் ஒரு தோல்வியோடுதான் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் முதல் சுற்றிலேயே போய்விடுகிறார்கள். கோப்பையைத் தூக்கும் ஒரே ஒருவரின் படம் மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடும், ஆனால் தொடரின் பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் தோற்றுப்போனவர்கள்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றுவதுண்டு. ஆட்டம் முடிந்ததும் வலையருகே கைகுலுக்கிவிட்டு, தோற்றவர் தன் மட்டைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு முதலில் வெளியேறுவார். வென்றவர் நின்று பேட்டி கொடுப்பார். அந்தப் பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோகிற உருவத்தைத்தான் என் கண் பின்தொடரும்.

டிராவை எப்படிப் போடுகிறார்கள் என்பது ஆட்டத்தை ஊன்றிப் பார்க்கிறவர்களில்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. 32 பேர் டிராவில் எட்டுப் பேருக்கு மட்டும் போட்டித் தரநிலை, அதாவது அந்தத் தொடருக்கான வரிசை எண், உண்டு. முதல் நிலை வீராங்கனை முதல் வரியிலும் இரண்டாம் நிலை வீராங்கனை 32ஆம் வரியிலும் நிலையாக அமர்ந்துவிடுவார்கள். ஆகவே இறுதி ஆட்டத்துக்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாது. மூன்று, நான்காம் நிலைகளுக்கு 9, 24 ஆகிய வரிகள். யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பார்கள். ஐந்து முதல் எட்டு வரையிலானவர்கள் 8, 16, 17, 25 ஆகிய வரிகளுக்குக் குலுக்கப்படுவார்கள். மீதமுள்ள 24 பேருக்கும் குலுக்கல்தான் தலையெழுத்து. தரநிலையைக் கைநழுவவிட்ட ஒன்பதாவது சிறந்த வீராங்கனைக்கு முதல் சுற்றிலேயே முதல் நிலை வீராங்கனையோடு ஆட்டம் விழலாம். அவருக்கு வெகு பின்னால் இருக்கும் ஒருவருக்கோ தகுதிச்சுற்றில் களைத்து வருகிற ஒருவர் எதிராளியாக வாய்க்கலாம். பல மாதங்கள் பாடுபட்டுத் தரவரிசையில் சில இடங்கள் முன்னேறுவது எதற்காக என்று கேட்பவர்களுக்கு, எட்டாவது இடத்துக்கும் ஒன்பதாவது இடத்துக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்லும் பதில். சில தொடர்களில் 28 பேர் மட்டுமே ஆடுவார்கள். அப்போது முதல் நான்கு நிலைகளுக்கு முதல் சுற்றில் ஆட்டமே கிடையாது, நேராக இரண்டாம் சுற்று. அப்படி முதல் சுற்றில் ஆடாமலேயே வந்து, முதன்முறையாகக் களமிறங்கும் ஆட்டத்திலேயே தோற்றால், தரவரிசைப் புள்ளிக் கணக்கில் முதல் சுற்றில் தோற்றவராகத்தான் எழுதுவார்கள். இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். சும்மா இருந்ததற்குப் பணி செய்த கூலி கிடையாது.

தரநிலை என்பது ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான், உறுதிமொழி அல்ல. 1994 விம்பிள்டனில் ஸ்டெஃபி கிராஃப் முதல் நிலை வீராங்கனை, முந்தைய ஆண்டின் சாம்பியனும்கூட. முதல் சுற்றில் லோரி மெக்நீலிடம் 7-5, 7-6 என்று தோற்றார் (ஒவ்வொரு செட்டிலும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும், இருவரும் எடுத்த கேம்களின் எண்ணிக்கை இது). நடப்புச் சாம்பியன் ஒருவர் அங்கே பெண்கள் ஒற்றையர் முதல் சுற்றில் வீழ்ந்தது அதுவே முதன்முறை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே புல்தரையில் உலகின் முதலிட வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸ், தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்த பதினாறு வயது யெலேனா டோகிச்சிடம் 6-2, 6-0 என்று தோற்றார். கிராஃபின் தோல்வியில் ஒரு போராட்டம் இருந்தது. இரண்டு செட்டும் இழுபறி. ஹிங்கிஸின் தோல்வியில் அதுகூட இல்லை. இரண்டாவது செட்டில் ஒரு கேம்கூட எடுக்க முடியாமல், உலகின் முதலிடத்தில் இருக்கும் ஒருவர் முதல் சுற்றோடு பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். முதலிடம் என்பது 52 வாரங்களின் கூட்டுக் கணக்கு. ஓர் ஆட்டம் என்பது அன்றைய ஒன்றரை மணி நேரம். அந்த இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஒரு குற்றச்சாட்டுக்கு வந்துவிடுகிறேன். பெண்கள் டென்னிஸில் நிலைத்தன்மை இல்லை, யார் வேண்டுமானாலும் யாரையும் வீழ்த்திவிடுகிறார்கள், ஆகவே அதைத் தொடர்ந்து பின்பற்ற முடியவில்லை என்று சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் அரையிறுதிக்குப் பிறகு மட்டுமே பார்ப்பவர்கள். தெரியாத பெயர் ஒன்று அரையிறுதியில் வந்து நின்றால் அவர்களுக்கு அது குழப்பமாகப் படுகிறது. முதல் மூன்று சுற்றுகளையும் பார்த்திருந்தால் அந்தப் பெயர் தெரியாத பெயராகவே இருந்திருக்காது.

வரலாறும் அந்தக் குற்றச்சாட்டுக்குத் துணை நிற்பதில்லை. 1983ஆம் ஆண்டு முழுவதும் மார்ட்டினா நவரத்திலோவா 86 ஆட்டங்களில் வென்று ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு தொடர்ச்சியாக 74 ஆட்டங்களில் வென்றார். 1988இல் கிராஃப் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களோடு ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தார். அந்த ஆண்டின் பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்தில் நட்டாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று வீழ்த்த அவருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதுமாக இருந்தது. நம் காலத்தில் இகா ஸ்வியாடெக் 2022இல் தொடர்ச்சியாக 37 ஆட்டங்களில் வென்று, தோஹாவில் தொடங்கிப் பிரெஞ்சு ஓப்பன் வரை ஆறு பட்டங்களை வரிசையாகக் குவித்தார். ஒருவரே ஆளும் காலமும் உண்டு, பலர் பங்குபோட்டுக்கொள்ளும் காலமும் உண்டு. முதலாவதைப் பார்த்து "போட்டியே இல்லை" என்பதும், இரண்டாவதைப் பார்த்து "தரமே இல்லை" என்பதும் ஒரே வாயிலிருந்து வரும் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

நவரத்திலோவாவின் அந்த ஒரே தோல்வியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இறுதி ஆட்டத்தில் வந்ததல்ல, அரையிறுதியிலும் அல்ல. பிரெஞ்சு ஓப்பனின் நான்காவது சுற்றில், கேத்தி ஹோர்வத் என்ற பதினேழு வயதுப் பெண்ணிடம் 6-4, 0-6, 6-3 என்று தோற்றார். நடுவில் இருக்கும் அந்த 0-6ஐப் பாருங்கள். இரண்டாவது செட்டை முழுவதுமாகப் பறிகொடுத்த ஒருவர், அந்த ஆண்டில் வேறு எவராலும் வெல்லமுடியாதவரை மூன்றாவது செட்டில் வென்றிருக்கிறார். செட் முடிந்தால் கணக்கு முடிந்தது. இழந்த ஆறு கேம்களும் அடுத்த செட்டுக்குக் கடனாக வருவதில்லை. இந்த மறதிதான் டென்னிஸின் அடிப்படைக் குணம். மொத்தப் புள்ளிகளை எண்ணினால் தோற்றவர் அதிகம் எடுத்திருக்கும் ஆட்டங்கள்கூட உண்டு. கடிகாரமும் கிடையாது, முன்னணியில் இருப்பவர் நேரத்தை ஓட்டிவிட்டுத் தப்ப முடியாது, கடைசிப் புள்ளியை அவரே எடுத்தாக வேண்டும்.

மூன்று செட் ஆட்டம் என்ற வடிவம் இந்தக் குணத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. இரண்டு செட் எடுத்தால் வெற்றி என்கிறபோது, மந்தமாகத் தொடங்குவதற்கு அவகாசம் மிகக் குறைவு. முதல் செட்டை நழுவவிட்டவர் அடுத்த செட்டின் ஒவ்வொரு சர்வீஸ் கேமிலும் வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார். பெண்களும் ஐந்து செட் ஆடிய காலம் ஒன்று இருந்தது. ஆண்டின் இறுதியில் நடக்கும் சாம்பியன்ஷிப் தொடரின் இறுதி ஆட்டம் மட்டும் 1984 முதல் 1998 வரை ஐந்து செட்டாக நடத்தப்பட்டது. அதில் 1990ஆம் ஆண்டு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மோனிகா செலஸ் கேப்ரியேலா சபாட்டினியை 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என்று வென்ற ஆட்டம் முழுமையாக ஐந்தாவது செட்வரை போயிற்று; பெண்கள் ஆட்டம் ஒன்று ஐந்து செட்டுக்கு நீண்டது 1901க்குப் பிறகு அதுவே முதன்முறை. ஐந்து செட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அவ்வப்போது யாராவது எழுதுவார்கள். உடல்வலு பற்றிய பழைய அபத்தங்களை ஒதுக்கிவிட்டால் அதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் எனக்கு அந்த ஆசை இல்லை. ஐந்து செட் என்பது வலியவருக்குக் கொடுக்கும் கூடுதல் தவணை. மூன்று செட்டில் எளியவருக்கு ஒரு நல்ல மாலைப்பொழுது போதும், முதல் சுற்றுக்கு உயிர் இருப்பது அதனால்தான்.

தகுதிச்சுற்றுக்கு வருகிறேன். கிராண்ட் ஸ்லாம் தொடர்களில் அதுவே ஒரு தனி உலகம். 128 பேர் ஆடுவார்கள், மூன்று ஆட்டங்களில் அடுத்தடுத்து வென்ற 16 பேருக்குப் பிரதானச் சுற்றில் இடம். இணையத்தில் இந்த ஆட்டங்களை ஒற்றைக் கேமராவில் காட்டுவார்கள். வர்ணனை இருக்காது, நெருக்கக் காட்சி இருக்காது, மறுஒளிபரப்பு இருக்காது. மைதானத்தின் ஒரு முனையில் உயரத்தில் பொருத்திய கேமரா எதைப் பார்க்கிறதோ அதைத்தான் நாமும் பார்க்கலாம். காலணி தரையில் உராயும் ஒலியும், பந்து மட்டையில் படும் ஒலியும், இரண்டு வரிசைக்கு அப்பால் இருக்கும் பயிற்சியாளரின் இருமலும் தெளிவாகக் கேட்கும். உலகத் தரவரிசையில் நூறுக்கும் இருநூறுக்கும் இடையில் இருப்பவர்களின் ஆட்டம் எவ்வளவு நேர்த்தியானது என்பதை அலங்காரமில்லாத இந்தக் காட்சிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்கும் முதல் பத்து இடங்களில் இருப்பவர்களுக்கும் உள்ள தூரம் பந்தை அடிக்கும் விதத்தில் அதிகம் தெரிவதில்லை. ஒரு கேமில் இருவரும் சமமாக நிற்கும் 30-30 என்ற நிலையில் இரண்டாவது சர்வீஸை எங்கே போடுவது என்ற முடிவில்தான் தெரிகிறது.

2021 அமெரிக்க ஓப்பனில் எம்மா ரடுகானு வந்தது அந்த வாசல் வழியாகத்தான். தரவரிசையில் 150ஆவது இடம், வயது பதினெட்டு. தகுதிச்சுற்றில் மூன்று, பிரதானச் சுற்றில் ஏழு, ஆக மொத்தம் பத்து ஆட்டங்கள், இருபது செட்கள். ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பத்தொன்பது வயது லெய்லா ஃபெர்னாண்டஸை 6-4, 6-3 என்று வென்றார். தகுதிச்சுற்று ஆடி வந்த எவரும், ஆணோ பெண்ணோ, அதற்கு முன் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. தகுதிச்சுற்று முடிந்ததும் ஊர் திரும்புவதற்கு அவர் விமானப் பயணச்சீட்டை முன்பதிவு செய்திருந்தார் என்ற செய்தியை எல்லோரும் ஒரு வேடிக்கையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. தகுதிச்சுற்று ஆடும் எவரும் அப்படித்தான் திட்டமிடுவார். அடுத்த வாரம் வேறொரு நகரில் வேறொரு தொடர் காத்திருக்கும்.

மார்கெட்டா வோண்ட்ருசோவாவின் கதை வேறு மாதிரி. 2022 விம்பிள்டனுக்கு அவர் மணிக்கட்டில் கட்டோடு வந்தார். தகுதிச்சுற்றில் ஆடிய தன் தோழியைப் பார்வையாளராக அமர்ந்து உற்சாகப்படுத்துவதற்காக. அடுத்த ஆண்டு போட்டித் தரநிலை எதுவுமின்றி ஆடி, இறுதியில் ஓன்ஸ் ஜபூரை 6-4, 6-4 என்று வென்று பட்டத்தை எடுத்தார். தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்ட 1968க்குப் பிறகு, தரநிலை இல்லாத ஒரு பெண் அங்கே ஒற்றையர் சாம்பியனானது அதுவே முதன்முறை. அதற்கும் அடுத்த ஆண்டு, 2024இல், நடப்புச் சாம்பியனாகத் திரும்பியவர் முதல் சுற்றிலேயே யெஸிகா பௌசாஸ் மனெய்ரோவிடம் 6-4, 6-2 என்று தோற்றார். கிராஃபுக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டியலில் சேர்ந்த இரண்டாவது பெயர் அவருடையது. பார்வையாளர், சாம்பியன், முதல் சுற்றில் தோற்றவர் என்று மூன்று கோடைகளில் மூன்று வேடங்கள். 2023ஆம் ஆண்டின் தாளும் 2024ஆம் ஆண்டின் தாளும் என் கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன; முதலாவதில் அவர் பெயர் ஏழு சுற்றிலும் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது, இரண்டாவதில் எழுதிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

சாம்பியனைத் தவிர மற்ற எல்லோரும் ஒரு முறை தோற்றிருப்பார்கள் என்று கணக்குச் சொன்னேன். அந்தக் கணக்கை உடைக்கும் விதிவிலக்குகள் இரண்டு உண்டு. ஒன்று, ஆண்டின் இறுதியில் முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் தொடர். அங்கே முதலில் இரண்டு குழுக்களாகப் பிரித்து ஆடவிடுவதால், தோற்றும் தப்பிக்கலாம். 2016இல் டொமினிகா சிபுல்கோவா குழு ஆட்டங்கள் மூன்றில் இரண்டில் தோற்றும் அரையிறுதிக்குப் போய்க் கடைசியில் பட்டத்தையே வென்றார். மற்றொன்று இன்னும் சுவையானது. அதை லக்கி லூசர் என்பார்கள். பிரதானச் சுற்றில் இருக்கும் யாராவது தன் முதல் ஆட்டத்துக்கு முன் காயத்தாலோ உடல்நலக் குறைவாலோ விலகினால், கடைசித் தகுதிச்சுற்றில் தோற்றவர்களிலிருந்து ஒருவரை அந்த இடத்தில் சேர்ப்பார்கள். அதற்காக, தோற்றவர்கள் பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டு, பையைக் கட்டியும் கட்டாமலும், ஆடையை மாற்றியும் மாற்றாமலும், மைதானத்தைச் சுற்றியே காத்துக் கிடப்பார்கள். வேறொருவரின் காயத்துக்காகக் காத்திருப்பது நாகரிகமான வேலையல்ல. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அழைப்பு வந்தால் சிறிது நேரத்திலேயே களத்தில் நிற்க வேண்டும்.

2019 அக்டோபரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பதினைந்து வயது கோகோ காஃப் கடைசித் தகுதிச்சுற்றில் டமாரா கோர்பாட்ச்சிடம் தோற்றார். மரியா சக்காரி காயத்தால் விலகியதும் அந்த இடம் காஃபுக்குக் கிடைத்தது. காலிறுதியில் முதல் நிலை வீராங்கனை கிகி பெர்டென்ஸை வென்றார். இறுதியில் முன்னாள் பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன் யெலேனா ஓஸ்டபென்கோவை 6-3, 1-6, 6-2 என்று வென்றார். அவருடைய முதல் ஒற்றையர் பட்டம் அதுதான். அந்த வாரத்தின் சாம்பியன் அதே வாரத்தில், அதே மைதானத்தில் ஒரு முறை தோற்றவர். அவருக்கு முந்தைய ஆண்டு, 2018இல், மாஸ்கோவில் பதினேழு வயது ஓல்கா டானிலோவிச் இதே வழியில் வந்து, லக்கி லூசராகப் பட்டம் வென்ற முதல் வீராங்கனையாகியிருந்தார். இப்படிப்பட்ட வாரங்களில் என் தாளில் ஓர் இடைஞ்சல் நேரும்: விலகியவரின் பெயரை அடித்துவிட்டு, மேலே இடுக்கில் இன்னொரு பெயரைப் பென்சிலால் நுழைக்க வேண்டும். லின்ஸ் தாளில் அப்படி நுழைத்த பெயர்தான் கடைசிச் சுற்றுவரை போயிற்று. நான் அதைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

புள்ளிகளையும் பணத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிறிய தொடர்களான 250 வகைத் தொடரில் சாம்பியனுக்கு 250 தரவரிசைப் புள்ளிகள். முதல் சுற்றில் தோற்றவருக்கு ஒன்று. கிராண்ட் ஸ்லாமில் 2000. முதல் சுற்றில் தோற்றவருக்குப் பத்து. வென்ற புள்ளிகள் 52 வாரங்களில் கழன்றுவிடும். எனவே சென்ற ஆண்டு பட்டம் வென்றவர் இந்த ஆண்டு அதே தொடருக்கு வரும்போது கோப்பையோடு ஒரு கடனையும் சுமந்து வருகிறார். பணத்தில் நிலைமை அவ்வளவு கொடூரமாக இல்லை. 2025 அமெரிக்க ஓப்பனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 50 லட்சம் டாலர் என்றால், முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,10,000 டாலர். பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், விமானம், விடுதி என்று எல்லாவற்றையும் தன் கைக்காசில் பார்த்துக்கொள்ளும் ஒரு நூறாவது இடத்து வீராங்கனைக்கு அந்த ஒரு தோல்வியின் ஊதியம்தான் அடுத்த பல மாதங்களை ஓட்டுகிறது.

அந்த ஊதியம் தானாக வந்துவிடவில்லை. 1970இல் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்த தொடர் ஒன்றில் ஆண்கள் சாம்பியனுக்கு 12,500 டாலர், பெண்கள் சாம்பியனுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். காலிறுதிக்கு முன்னால் தோற்கும் பெண்களுக்கு ஒன்றுமே கிடையாது. முதல் வேற்றுமையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்; எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது. பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் அந்தத் தொடரைப் புறக்கணித்து, பத்திரிகை வெளியீட்டாளர் கிளாடிஸ் ஹெல்ட்மனோடு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஹூஸ்டனில் தனியாக ஒரு தொடரை ஆடினார்கள். மொத்தப் பரிசு 7,500 டாலர். கசால்ஸ் வென்றார். அதிலிருந்து முளைத்த சுற்றுப்பயணம்தான் 1973இல் பெண்கள் டென்னிஸ் சங்கமாக உருக்கொண்டது. அன்று கையெழுத்திட்ட ஒன்பது பேரில் சிலர் பெரிய பட்டங்கள் எதையும் வென்றதில்லை. முதல் சுற்றுகளில் ஆடித் தோற்பவர்களும் இல்லாமல் ஒரு தொடரை நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கிங்குக்கும் தெரிந்திருந்தது.

முதல் சுற்று ஆட்டங்களில் எதை முதலிடத்தில் வைப்பீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டபோது, நான் பார்க்காத, யாருமே இன்று முழுமையாகப் பார்க்கமுடியாத ஓர் ஆட்டத்தைச் சொன்னேன். 1984, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட். விக்கி நெல்சன்-டன்பரும் ஜீன் ஹெப்னரும் ஆடினார்கள். இருவருமே பின்களத்தில் நின்று பந்தை உயர்த்தி உயர்த்தித் திருப்பி அனுப்புபவர்கள். அவசரப்பட்டால் தவறு வரும், தவறு செய்பவர் தோற்பார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது. ஆட்டம் ஆறு மணி 31 நிமிடம் நீடித்தது. இரண்டாவது செட்டின் டைபிரேக்கர், அதாவது 6-6 என்று சமனான செட்டைத் தீர்க்கும் முடிவு கேம், மட்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதில் ஒரே ஒரு புள்ளிக்கு 29 நிமிடங்கள். பந்து 643 முறை வலையைக் கடந்தது. ஹெப்னருக்கு அது செட் பாயின்ட். எடுத்திருந்தால் மூன்றாவது செட் ஆடியிருப்பார்கள், அது எப்போது முடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கால் வலிக்கிறது. அந்தப் புள்ளியை நெல்சன்-டன்பர் எடுத்தார். எடுத்த கையோடு தசைப்பிடிப்பில் தரையில் சரிந்தார். எழுந்து ஆடி டைபிரேக்கரை 13-11 என்று முடித்தார். கிராஃப் ஒரு கிராண்ட் ஸ்லாம் இறுதி ஆட்டத்தையே முடித்துக்கொள்ளும் நேரம், ஏறத்தாழ, இவர்கள் இருவருக்கும் ஒரு புள்ளிக்குச் செலவாகியிருக்கிறது.

டிரா தாளில் டைபிரேக்கரைக் குறிக்கும்போது, அதில் தோற்றவர் எடுத்த புள்ளிகளை மட்டும் அடைப்புக்குறிக்குள் சின்னதாக எழுதுவது வழக்கம். வென்றவரின் எண்ணை அதிலிருந்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ரிச்மண்ட் ஆட்டத்தின் வரியில் 6-4, 7-6 (11) என்று இருக்கும். அந்தப் பதினொன்று ஹெப்னருடையது. ஆட்ட நேரத்துக்குத் தாளில் கட்டம் கிடையாது. மறுநாள் சுருக்கச் செய்தி எழுதுபவர் அதை, ஒரு செட்டையும் இழக்காத, நேர் செட் வெற்றிகளோடு சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.